ஞாச்சாங் கடற்கரையும் ஒரு செங்கல்லும்

(நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பயணமும் படைப்பும்' என்னும் பொருளில் பேச எனக்கு ஆணை. பயண இலக்கிய வரலாற்றை முறைப்படுத்தி உரைப்பேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் இன்று வகுப்பறையை மறந்து, 2024 மே விடுமுறையில் நான் கண்ட ஒரு கடற்கரையைப் பற்றியும், அக்கடற்கரை எனக்குள் எழுப்பிய ஒரு குற்றவுணர்வைப் பற்றியும் பேச விழைகிறேன்.

நம் கே.கே. நகரின் மொட்டைமாடிகளில் நின்றால் விமானங்கள் தாழ்ந்து இறங்குவதைக் காணலாம். 2023 நவம்பரில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியது. சென்னைக்குப் பேருந்தில் போகும் நேரத்திற்குள் சைகோனுக்குப் போய்விடலாம் என்று என் மகள் கணக்குச் சொன்னாள். கணவரும் இசைந்தார். அவ்விருவர்க்கும் அது கடற்கரை விடுமுறை. எனக்கோ, வேறொரு கடன் இருந்தது.

என் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த ஐவரின் நினைவுநாளுக்கு ஆண்டுதோறும் சங்கத் திடலுக்கு என் கைபிடித்து அழைத்துச் சென்றவர். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்த செய்தி கேட்டுப் பணிமனை வாயிலில் ஆரஞ்சு மிட்டாய் வழங்கியவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் முருகன் படத்திற்குப் பக்கத்தில் ஹோ சி மின் படம் மாட்டியிருந்தது. அம்மா இரண்டுக்கும் பூ வைப்பார். நான் புறப்படும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்க ஜனங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லும்மா."

எளிய கேள்விதான். இதைவிடக் கடினமான கேள்வியை என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலும் நான் எதிர்கொண்டதில்லை.

சமதர்ம நாடுகளுக்குச் சென்று வந்த நம்மவர் பலர். தாகூர் 1930இல் சோவியத் ஒன்றியத்தைக் கண்டார். பெரியார் 1932இல் கண்டார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1951இல் கண்டார். அவர்கள் சென்றது பெரும்பாலும் விருந்தினராக. விருந்தினருக்கு வீட்டின் முன்வாயில் தெரியும், கொல்லைப்புறம் தெரியாது. நான் யாருக்கும் விருந்தினள் அல்லள். சீட்டு வாங்கிச் சென்ற விடுமுறைப் பயணி. பயணிக்கு வேறொரு குருட்டுத்தன்மை உண்டு. காசு கொடுத்தவருக்கு எல்லோரும் சிரித்த முகமே காட்டுவர்.

சைகோனில் இரண்டு நாள் தங்கினோம். ட்ருவாங் டின் தெருவில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நகரத்தாரும் புதுச்சேரி, காரைக்கால் மக்களும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டிக்கடையும் துணிக்கடையும் நடத்தி வாழ்ந்தவர்கள். 1975க்குப் பின் பெரும்பாலோர் வெளியேறினர். இன்று வழிபடுவோர் மிகப் பெரும்பாலும் வியட்நாமியரும் சீனருமே. ஓர் இளம்பெண் கருங்கற் சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. அந்த முறையீடு தெரியும். சமயபுரத்தில் கேட்ட முறையீடு அது.

பின்னர் ரயிலேறினோம், ஏறக்குறைய 410 கிலோமீட்டர். தண்டவாளத்தைக் கண்டதும் எனக்கு அப்பாவின் நினைவு பொங்கியது. அது மீட்டர்கேஜ் பாதை. நம் பக்கத்தில் அப்பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதைகளாகிவிட்டன. அங்கே, 1936இல் முடிக்கப்பெற்ற ஹனோய் – சைகோன் பாதை, 1,726 கிலோமீட்டரும் அதே ஒரு மீட்டர் அகலத்தில் ஓடுகிறது. போரில் சிதைந்த அப்பாதையை 1976 இறுதிக்குள் மீண்டும் இணைத்து, அதற்கு 'ஒருங்கிணைப்பு' என்றே பெயரிட்டனர். 1980களில் நம் வாரணாசித் தொழிற்சாலையில் செய்த மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின்கள் அந்நாட்டுக்குச் சென்றன. வண்டியின் அந்த ஆட்டத்தில், சிறுமியாக விராலிமலைக்குப் போன பழைய ரயில் இல்லாப் பயணங்களைக்கூட ரயிலில் போனதாகவே மனம் கற்பித்துக்கொண்டது!

நாங்கள் இறங்கிய ஊரின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ஏதேதோ சொல்கிறோம். அவர்கள் ஒலிப்பது ஏறத்தாழ 'ஞாச்சாங்' என்று. மொழிக்கு முதலில் ஞாகாரம் வரலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்தார். 'ஞாயிறு', 'ஞாலம்' போன்ற சில சொற்களோடு நாம் அதை நிறுத்திவிட்டோம். அவர்கள் நாள்தோறும் அதைப் புழங்குகிறார்கள். அவ்வூரில் ஆற்றங்கரைக் குன்றின்மேல் பழைய சாம்பா அரசினர் எழுப்பிய செங்கற் கோபுரங்கள் நிற்கின்றன. 774இல் கடல்வழி வந்தோர் தீயிட்டழித்த கோயிலைப் பத்தாண்டுகளில் மீண்டும் கட்டியதாகக் கல்வெட்டு உண்டு. அங்குறையும் அன்னைக்குப் 'போ நகர்' என்று பெயர். கல்வெட்டுகள் அவளைப் பகவதி என்கின்றன. கே.கே. நகரிலிருந்து போ நகருக்கு வந்தோம் என்று என் கணவர் நகைத்தார். அவ்வூருக்கு அருகே வோ கான் என்னுமிடத்தில் கிடைத்த பழைய வடமொழிக் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீமாற' என்னும் பெயரைப் பாண்டியரின் மாறன் என்னும் பெயரோடு அறிஞர் சிலர் இணைத்துப் பார்த்ததும் உண்டு. அது முடிந்த முடிபன்று. நமக்கு இனிக்கும் என்பதற்காக அதை முடிபாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலிரண்டு நாள் கடலை நோக்கிய ஓர் உயர்ந்த ரிசார்ட்டில் தங்கினோம். கீழே நீச்சல்குளம், அதற்கப்பால் சாலை, அதற்கப்பால் கடல். அச்சாலைக்கு ட்ரான் ஃபூ என்று பெயர். அவர் வியட்நாம் பொதுவுடைமைக் கட்சியின் முதல் பொதுச் செயலாளர். அவர் பெயர் தாங்கிய சாலையில் அடுக்குமாடி விடுதிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மின்கம்பங்களில் அரிவாள் சுத்தியல் பொறித்த செங்கொடிகள். கடைகளில் ரஷ்ய மொழிப் பலகைகள். அருகிலுள்ள காம் ரானில் 1979 முதல் 2002 வரை சோவியத், பின் ரஷ்யக் கடற்படைத் தளம் இருந்தது. பின்னர் ரஷ்யர்கள் சுற்றுலாப் பயணிகளாக வந்தார்கள்.

உழைப்பாளிக்குக் கடற்கரை ஓய்வு என்பதே ஒரு சமதர்மக் கனவு. 1920இல் லெனின் கையொப்பமிட்ட ஆணை கிரீமியாவின் அரண்மனைகளை உழைக்கும் மக்களின் உடல்நலத்திற்கென ஒதுக்கியது. ஜாரின் லிவாதியா அரண்மனை 1925இல் உழவர்களின் நலவாழ்வு இல்லமாயிற்று. 1936ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பு ஓய்வை ஓர் உரிமையாகவே எழுதியது. அக்கனவின் பேரன் பேத்திகள் வாழும் நாட்டில், என் அறையைத் துடைக்க வந்த பெண்ணிடம், இவ்வறையின் ஒருநாள் வாடகை உங்களின் எத்தனை நாட் கூலி என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

எனினும் ஒன்றைக் கண்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே ஊர் முழுதும் கடலில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீன் விற்கும் பெண்கள், பேரனைத் தோளில் சுமந்த பாட்டிகள். அந்த மணல் அவர்களுடையது. அறுபதைக் கடந்த மூதாட்டியர் அலைக்கு அப்பால் சென்று மல்லாந்து மிதந்து வம்பு பேசுகிறார்கள்! காவிரிக்கரையில் பிறந்து, அம்மா மண்டபத்துப் படிகளில் ஆண்டுதோறும் பதினெட்டாம் பெருக்குக் கொண்டாடியும் நீந்தத் தெரியாதவள் நான். ஒரு பாட்டி என் கையைப் பற்றி இடுப்பளவு நீருக்குள் இழுத்துப்போனார். பயத்தில் நான் 'ரங்கா!' என்று கத்தினேன். அவரும் சிரித்துக்கொண்டே 'ரங்கா!' என்றார்.

மூன்றாம் நாள் கைப்பொருளைக் கருதி மீனவர் குடியிருப்பை ஒட்டிய சிறு விடுதிக்கு மாறினோம். அதை நடத்தியவர் என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்த பெண்மணி. அவரை அக்கா என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கருவியே எங்களுக்கிடையே தூது. ஒரு மாலை, வாயிற்படியோரம் கிடந்த ஒரு பழைய செங்கல்லைக் காலால் நகர்த்தப் போனேன். அவர் ஓடிவந்து அதை மீண்டும் அதே இடத்தில் வைத்தார். பிறகு அமர்ந்து பேசினார்.

பங்கீட்டுக் காலம் என்று அவர்கள் அதை அழைக்கிறார்கள். 1976 முதல் 1986 வரை நாடு முழுவதும் அரிசி, மண்ணெண்ணெய், துணி, இறைச்சி யாவும் சீட்டுக்குத்தான். அரசு அலுவலருக்கு மாதம் 13 கிலோ அரிசி. அதிலும் பாதி வேறு தானியம் கலந்தது. விடியுமுன் மூன்று மணிக்கே வரிசை. நிற்க முடியாதவர்கள் தம் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லுக்கு அடையாளம் கீறியிருப்பார்கள். யாராவது அதை அகற்றிவிட்டால் அன்றைய சோறு இல்லை. முகம் வாடியிருப்பவரைப் பார்த்து 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவர் போல' என்று இன்றும் அங்கே பழமொழியாகச் சொல்கிறார்கள்.

இவ்வறுமைக்குப் போரின் அழிவும், 1994 வரை நீடித்த அமெரிக்க வணிகத் தடையும் காரணங்கள். நிலத்தை எல்லாம் கூட்டுப்பண்ணையாக்கி, உழுதவனுக்கு உழுததில் பற்றில்லாமற் செய்த கொள்கையும் காரணம். 1986இல் விலையேற்றம் 700 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாண்டு டிசம்பரில் கட்சி மாநாடே 'தோய் மோய்' என்னும் புதுப்பிப்பைத் தொடங்கியது. நிலத்தின் பொறுப்பு குடும்பங்களிடம் வந்தது. பசித்திருந்த நாடு 1989இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. கொள்கையை வகுத்தவர்களே அதைத் திருத்தவும் செய்தார்கள் என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். திருத்துமுன் பத்தாண்டு பசித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

அக்காவின் அண்ணன் 1981இல் ஓர் இரவு மீன்படகில் ஏறிப் போனார். கடிதம் வரவில்லை. ஆளும் வரவில்லை. வரிசையில் அவர் வைத்த செங்கல்தான் அது. அண்ணன் என்று அதில் கீறியிருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. அக்காவின் மகளோ அரசுப் பள்ளியில் படித்து மருத்துவராகியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமிதம். "அந்தக் காலம் நல்லதா, இந்தக் காலம் நல்லதா?" என்று கேட்டேன். கருவி தட்டுத்தடுமாறித் தந்த விடை இது: 'அப்போது எல்லோருக்கும் குறைவு. இப்போது சிலருக்கு மிகுதி. ஆனால் நான் அங்கே திரும்பிப் போகமாட்டேன்.'

ஊர் திரும்பினேன். அப்பாவிடம் சொன்னேன். எதைச் சொன்னேன்? மீட்டர்கேஜ் ரயிலைச் சொன்னேன், செங்கொடியைச் சொன்னேன், கடலில் மிதக்கும் பாட்டிகளைச் சொன்னேன், மருத்துவரான மகளைச் சொன்னேன். எல்லாம் உண்மை. செங்கல்லைச் சொல்லவில்லை. எண்பதைக் கடந்தவரின் நெஞ்சில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்ற எனக்குத் துணிவில்லை.

அவர் முழுதும் கேட்டார். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்:

"வரிசையப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா. படகைப் பத்தியும் சொல்லல. எனக்கு அப்பவே தெரியும். பேப்பர்ல படிச்சேன். சங்கத் திடல்ல அதை யாரும் பேசல. நானும் பேசல. நீயாச்சும் பேசுவேன்னு நெனச்சேன்."

அன்றிரவு நான் உறங்கவில்லை.

அடுத்த நாள் செங்கல்லின் கதையை முழுவதும் சொன்னேன். அவர் அழவில்லை, படத்தையும் கழற்றவில்லை. "நம்ம ரேஷன் கடையிலயும் உங்கம்மா பையையும் கல்லையும் வச்சு எடம் போட்டிருக்கா" என்றார். உண்மைதான். 1976இல்தான் அந்நாடு 'வியட்நாம் சமதர்மக் குடியரசு' என்று பெயர் சூடியது. அதே 1976இன் 42ஆவது திருத்தத்தால்தான் நம் அரசியலமைப்பின் முகப்பிலும் 'சமதர்ம' என்னும் சொல் ஏறியது. அச்சொல்லைக் கொடியில் ஏந்திய நாட்டில் அரிசிச் சீட்டு மறைந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. சொற்களை வைத்து நாடுகளை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கவிஞர் பெருமக்களே! இவ்வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கவியரங்கில் நான் வியட்நாமைப் பாடினேன். அதில் குருதி இருந்தது, விடியல் இருந்தது, எரிமலை இருந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். அந்நாட்டின் ஒரு தெருப்பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது. அக்கவிதையை இன்று நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போராடியவர்களை மறுப்பதற்காக அன்று; போராடியவர்களும் பசித்தவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதை அதில் நான் எழுதவில்லை என்பதற்காக.

நம்பிக்கை உடையவர்கள் குறையைச் சொல்லத் தயங்குகிறோம். நம்பிக்கை இல்லாதவர்கள் நிறையைச் சொல்லத் தயங்குகிறார்கள். அன்பினால் மறைத்தாலும் மறைப்பு மறைப்பே. என் தந்தையார் ஐம்பதாண்டு மறைத்தார். நான் ஓர் இரவு மறைத்தேன். எங்களுக்கு நடுவே ஒரு செங்கல் கிடந்தது. அதை எடுத்துப் பேசிய பிறகுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தோம்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் பெரிய சொற்களைச் சற்றே ஒதுக்கிவைத்து, வாயிற்படியில் கிடக்கும் சிறிய பொருள்களைப் பாட வேண்டும் என்று வேண்டுகிறேன்.