கச்சா எண்ணெயும் காப்புரிமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் புதுமை கண்ட யூஜீன் ஹூட்ரி என்பாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். வேதியியல் என்றாலே அஞ்சி ஒதுங்கும் மாணவரைப் பள்ளியில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்வச்சம் நீங்க இவர் வரலாறு துணைசெய்யும்.

ஹூட்ரி 1892இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். அவர் பயின்றது இயந்திரப் பொறியியலே. முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றிக் காயமுற்றார்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் பெட்ரோல் ஓரளவே கிடைக்கும். கனமான எண்ணெய் மிகுதியாக எஞ்சும். அதிலுள்ள நீண்ட ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளைப் பிளந்தால் மேலும் பெட்ரோல் பெறலாம். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிளக்கும் முறை முன்னரே வழக்கில் இருந்தது. ஹூட்ரியோ வினையூக்கியை நாடினார். பலவற்றைச் சோதித்து, சிலிக்காவும் அலுமினாவும் அடங்கிய பதப்படுத்திய களிமண்ணைத் தேர்ந்தார். ஆனால் சிறிது நேரத்திலேயே அதன்மேல் கரி படிந்தது. வினையூக்கி செயலற்றுப் போயிற்று.

அவர் அதனை எறிந்துவிடவில்லை. காற்றைச் செலுத்திக் கரியை எரித்தார். வினையூக்கி புத்துயிர் பெற்றது. எரிந்த கரியின் வெப்பமும் ஆலைக்குப் பயன்பட்டது. ஒரு கலன் எண்ணெயைப் பிளக்கையில் மற்றொரு கலனில் கரி எரியும். பின்னர் முறை மாறும். இடையூறே எரிபொருளாயிற்று.

பிரான்சில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க அவர் முன்னர் நிறுவிய ஆலை கட்டுபடியாகவில்லை. 1930இல் அமெரிக்கா சென்றார். 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக் நகரில் சன் ஆயில் நிறுவனம் அவர் முறையில் பெரிய ஆலையை இயக்கியது. பழைய முறையில் கால் பங்களவே கிடைத்த பெட்ரோல், இங்கே ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தது.

இம்முறைகளுக்கு அவர் காப்புரிமை பெற்றார். காப்புரிமை என்பது யாது? கண்டதை ஒளிக்காமல் எழுதி அரசிடம் பதிந்தால், குறித்த காலம்வரை அதன் உரிமை கண்டவருக்கு உண்டு. அதன்பின் அது உலகோர்க்குப் பொது. இந்தியாவில் அக்காலம் 20 ஆண்டுகள். வெளியிடப்பெற்ற அவ்வேட்டை எவரும் படிக்கலாம். இன்னார் ஓதலாம், இன்னார் ஓதலாகாது என்ற விலக்கு அங்கில்லை. இளைஞர்களே, இதன் அருமையை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

பிறரும் அத்துறையில் முனைந்தனர். 1942இல் வினையூக்கித் தூளை நீர்மம்போல் ஓடவிடும் புதுமுறை அமெரிக்காவில் இயங்கத் தொடங்கியது. ஆயினும் கரியை எரித்து வினையூக்கியை மீட்கும் கருத்து அதிலும் நிலைத்தது.

பிற்காலத்தில் ஹூட்ரி மோட்டார் வண்டிகளின் நச்சுப் புகையைக் குறைக்கும் கருவிக்கு 1956இல் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அக்கருவியைக் கெடுத்தது. அவர் 1962இல் மறைந்தார். 1970களின் நடுவில் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின்னரே இத்தகைய கருவி வண்டிகளில் பரவியது.

எனவே, நம் பிள்ளைகளே, முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று அறிவியலைக் கைவிடாதீர்கள். தடை எதனால் வந்தது என்று ஆராயுங்கள். ஐயத்தை ஆசிரியரிடம் கேளுங்கள், நூலகத்தை நாடுங்கள். நம் பெயரிலும் காப்புரிமை ஏடுகள் எழுதப்பெறும் நாள் வருக!