தங்கமீன் தொட்டியில் ஒரு தோட்டம்



கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கும் பழக்கம் நம் நகரங்களில் பெருகியிருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் விற்பதற்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மீன் வாங்குவோர் பலர், அதனுடன் ஒரு பிளாஸ்டிக் கோட்டையையும், சாயம் ஏற்றிய கற்களையும் வாங்கிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். தொட்டி அழகாய் அமைய வேண்டும் என்னும் விருப்பம் குற்றமன்று. ஆனால், அத்தொட்டி யாருக்காக? காண்கின்ற நமக்கா, அதனுள் வாழ்கின்ற மீனுக்கா? இவ்வினாவை முதலில் எழுப்பிக்கொண்டால், எச்செடியை எங்கே நடுவது, எக்கல்லை எங்கே வைப்பது என்பவற்றுக்கெல்லாம் விடை எளிதிற் கிடைத்துவிடும்.

தங்கமீனின் தாயகம் சீனம். ஆங்கு, மங்கிய நிறமுடைய கெண்டை இனம் ஒன்றிற் பொன்னிறமாய்த் தோன்றிய சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குளங்களில் வளர்த்தனர். பின்னர் அகன்ற மண்தாழிகளிலும் வளர்த்தனர். அவர்கள் மீனை மேலிருந்து நோக்கி மகிழ்ந்தனர். கண்ணாடிச் சுவரின் வழியே நீர்த்தோட்டத்தைக் காணும் வழக்கம் மிகவும் பிற்பட்டது.

இவ்வழக்கத்திற்கு அடிகோலியவர்களுள் ஒருவர், லண்டன் மாநகரில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். 1849-ஆம் ஆண்டில் அவர் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றை எடுத்தார். அடியில் மணலும் சேறும் இட்டார். வெயிலுக்கு மீன்கள் ஒதுங்குவதற்காகக் கற்களை அடுக்கினார். வல்லிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். சில நாட்களிற் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. உடனே குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொணர்ந்து இட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இச்செய்தியை அவர் வெளியிட்டார். அவருடைய தொட்டியிற் கல்லும், செடியும், நத்தையும் ஒவ்வொரு பணிக்காக வந்தவை என்பதை நீங்கள் நோக்க வேண்டும்.

செடிகள் கரியமிலவாயுவை ஏற்றுப் பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பதை நீங்கள் பாடத்திற் படித்திருப்பீர்கள். எனினும், செடி மட்டுமே மீனுக்குப் போதும் என்று எண்ணுதல் பிழை. ஒளியில்லாத இரவில் செடியும் பிராணவாயுவைச் செலவிடுகிறது. மீனுக்கு வேண்டும் காற்றிற் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. ஆதலின் வாய் குறுகிய உருண்டைக் குடுவையைவிட, அகன்ற நீள்சதுரத் தொட்டியே சிறந்தது. மேலும், மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலிலும், கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகளும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாகக் கொள்கின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி அமைத்த அன்றே மீன்களைக் கூட்டமாய் விடுவோர் சில நாட்களில் அவற்றை இழப்பது இதனாலேதான்.

இனி அமைக்கும் முறையைக் காண்போம். அலசிய நீர் தெளிவாய் வரும்வரை ஆற்றுமணலைக் கழுவி, இரண்டு அங்குல உயரத்திற்குப் பரப்புங்கள். பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருக்குமாயின், தொட்டி ஆழமுடையதுபோல் தோன்றும். தங்கமீன், கெண்டையின் உறவாதலால், தரையைக் கிளறி, மணலை வாயில் அள்ளிச் சலித்து உமிழும் இயல்புடையது. பட்டாணி அளவுள்ள கற்கள் அதன் தொண்டையிற் சிக்குவதுண்டு. எனவே மென்மணல் இடுங்கள். அன்றேல் அதன் வாய்க்குள் நுழையாத பெரிய கூழாங்கற்களை இடுங்கள்.

செடிகளை இம்மீன் தின்னும். வேரோடு பறித்தும் போடும். அது குறும்பு அன்று, அதன் இயற்கை. இதனை அறிந்து செடி தேர்தல் வேண்டும். நாடாபோல் நீண்ட வல்லிஸ்நேரியாவைப் பின்வரிசையில் நடுங்கள். வேர் மட்டும் மணலுள் இருக்கட்டும். இலைகள் பிரியும் குருத்துப் புதைந்தால் அழுகிவிடும். வேரைச் சுற்றிச் சில கூழாங்கற்களை வைத்தால் மீன் பறிக்க இயலாது. தடித்த இலையுள்ள அனுபியாஸ், ஜாவாப் பெரணி ஆகியவற்றை மணலில் நடாமல், கல்லிலோ கட்டையிலோ நூலாற் கட்டிவிடலாம். அவற்றைத் தங்கமீன் பெரும்பாலும் விரும்பித் தின்பதில்லை. நம் குளங்களில் அடர்ந்து வளரும் ஹைட்ரில்லாவை ஒரு மூலையில் இடலாம். மீன் தின்னத் தின்ன அது தழைக்கும். தோட்டமும் அதுவே, உணவும் அதுவே.

அலங்காரப் பொருள்களில் எச்சரிக்கை மிகவும் தேவை. நீண்ட துடுப்புள்ள மீனும், கண்ணின் கீழ் நீர்ப்பை தொங்கும் மீனும் கூர்முனையில் உரசினால் காயமுறும். கையால் தடவிப் பார்த்து, உறுத்தாத பொருளையே வையுங்கள். இரண்டு அங்குல மீன் இன்று எளிதாய் நுழைந்து வெளிவரும் கோட்டை வாயில், அது வளர்ந்தபின் சிறையாகிவிடும். கல்லின்மேல் ஒரு துளி வினிகர் விட்டு, நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். அதுவும், கடற்சிப்பியும், பவழத் துண்டும் மெல்லக் கரைந்து நீரின் தன்மையை மாற்றுவன. பெரிய கல்லை நட்ட நடுவில் வையாமல் சற்றே ஒதுக்கி வைத்தால் இயற்கையாய்த் தோன்றும். முன்பாதி வெறுமையாய் இருக்கட்டும். அவ்வெறுமை மீனின் நடமாடும் வெளி. அழகுக்கும் அது வேண்டுவதே.

நீர் வார்க்கும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து மெல்ல ஊற்றுங்கள், செடி பெயராது. நேர்வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்தால், பாசி படர்ந்து கண்ணாடியையே மறைத்துவிடும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர ஒளி போதுமானது. மிகுதியான செடிகளையும், வளர்க்க இயலாத மீன்களையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். தங்கமீன் பல நாடுகளின் நீர்நிலைகளிற் பெருகி, அங்குள்ள உயிர்களுக்கு இடராக இருக்கிறது.

நன்கு பேணினால் தங்கமீன் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். பள்ளியில் இருக்கும்போது நீங்கள் வாங்கும் மீன், கல்லூரியை விட்டு நீங்கும்போதும் உங்களுடன் இருக்கக் கூடும். தனக்கு எது வேண்டும் என்று அது வாய்விட்டுச் சொல்லாது. நாமே அறிந்து அளித்தல் வேண்டும். அவ்வாறு அறிந்து அமைத்த தொட்டியில், செடி தழைத்து, நீர் தெளிந்து, மீன் அச்சமின்றி உலவும்போது தோன்றும் அழகு, கடையில் விலைக்குக் கிடைப்பதன்று.