படம் யாருடையது?



சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசியிருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்கும், உங்களுக்கும் பழகின விஷயமாக இருந்திருக்கும். ஆனால் மனித முகத்தைப் படமெடுப்பது பற்றிப் பேசுகிறேன் என்று உங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். மொரீசியஸில் அதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில், ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தவர்களின் படங்கள் இருக்கின்றன. சென்னையில் கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. பூட்டன், பூட்டியைத் தேடிக்கொண்டு உங்களில் சிலரே அங்கே போயிருப்பீர்கள். அந்தப் படங்களை ஆசைக்கு யாரும் எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடித்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்கள், படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சீட்டு இல்லாமல் சாலையில் அகப்பட்டால், வேலை வெட்டி இல்லாமல் திரிகிறவன் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். தொலைத்தவர் பணம் கட்டித்தான் மறுசீட்டு வாங்க வேண்டும். தன்னைக் கட்டிப்போடும் கயிற்றுக்குத் தானே காசு கொடுப்பது போலத்தான் அது.

அவர்கள் அதைச் சும்மா பொறுத்துக்கொள்ளவில்லை. 1871இல் 9,401 பேர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அதற்குத் துணை நின்ற ஐரோப்பியரான அடோல்ஃப் த பிளெவிட்ஸ் போர்ட் லூயிஸ் தெருவிலேயே அடி வாங்கினார். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்து இறங்கியது. எனவே அந்தப் படங்களில் நீங்கள் காணும் இறுகிய பார்வையைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு விதமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், தானே ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு முறை இரு முறை அல்ல. இன்று ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவரைவிட அதிகம் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் இல்லை என்கிறார்கள். நல்ல கோட்டு, நேர்ப் பார்வை, சிரிப்பு மட்டும் கிடையாது. கறுப்பினத்தவரைப் பல்லிளிக்கும் கோமாளிகளாக வரைந்து விற்ற காலம் அது; அதற்குப் பதில்தான் அந்த முகம். அவரைப் போலவே அடிமைத்தளையிலிருந்து வந்த சோஜர்னர் ட்ரூத் இன்னும் ஒரு படி மேலே போனார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, 1864இல் தன் படத்துக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை பதிந்தார். கூட்டங்களில் அந்த அட்டைகளை விற்று வயிற்றைக் கழுவினார். அடிமை முறையை எதிர்த்தவர்களே சவுக்கடி பட்ட முதுகின் படத்தை ஊரெங்கும் பரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் மூக்குக் கண்ணாடியும் பின்னல் வேலையுமாக உட்கார்ந்து காட்சி தந்தார். தன் காயத்தைக் காட்டி இரக்கம் கேட்கவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை பொறுப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். ஆட்களை நிறுத்திப் படமெடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் அந்த முகங்களுக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில் 2023இல் ஒரு கண்காட்சி நடந்தது. படங்களை எடுத்தவர்கள் வடசென்னைப் பிள்ளைகள். அவர்களுக்கு கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எம். பழனி குமார். மதுரைக்காரர், மீன் விற்ற தாயின் மகன். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் செத்தவர்களின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய் வருகிறார். செய்தித்தாளுக்கு அந்தச் சாவு ஒரு நாள் படம். இவருக்கோ, அந்த மனைவி யார், பிள்ளை என்ன படிக்கிறது என்பதெல்லாம் படத்தின் பகுதி. அவர் கேமராவையே அந்த வடசென்னைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் எடுத்தது தங்கள் அம்மாவை, தங்கள் தெருவை. தர்ஸ்டன் ஆண்ட அருங்காட்சியகத்திலேயே அந்தப் படங்கள் மாட்டப்பட்டது தற்செயலோ என்னவோ, எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

இப்போது நம் சங்கங்கள் அச்சிடும் படங்களுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் பல என் மேசைக்கு வந்து சேர்கின்றன. ஊரில் செய்த உதவி பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். நோட்டுப் புத்தகம் வாங்கும் பையன் தலை குனிந்து நிற்பான். கீழே கொடுத்தவர் பெயர், பட்டம், பதவி எல்லாம் அச்சாகியிருக்கும். அந்தப் பையனைப் படமெடுக்கும் முன் யாராவது கேட்டார்களா? மலர் வந்த பிறகு ஒரு பிரதி அவன் வீட்டுக்குப் போனதா? ஏழை என்று அச்சிட்ட படம் நாளை அவன் கல்லூரித் தோழர்கள் கைபேசியில் சுற்றினால் அவன் என்ன செய்வான்? அவனும் அவன் வீட்டாரும் வேண்டாம் என்றால் படம் வேண்டாம். உதவியை மட்டும் செய்யுங்கள். சரி என்றால், எப்படி நிற்பது, எந்தச் சட்டை போடுவது, பெயர் போடலாமா கூடாதா என்பதையெல்லாம் அவர்களே சொல்லட்டும்.

உங்கள் அடுத்த ஆண்டு மலரில் அந்த உதவிப் பக்கத்தை வேறொன்றுக்குக் கொடுக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். மோக்காவில் உங்கள் முன்னோர் படத்தைக் கண்டுபிடித்தவர்கள், சீட்டு எண்ணை விட்டுவிட்டு, அவர் பெயர், புறப்பட்ட ஊர், இன்றைய பேரப்பிள்ளைகள் என்று எழுதித் தாருங்கள். தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகுமுன் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.