விழாக் காணும் வீடு



அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை 1776இல் வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன். வர்ஜீனியாவில் அவர் எழுப்பிய மாண்டிசெல்லோ இல்லம் இன்று அருங்காட்சியகம். பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்று அங்கேயே அவர் மறைந்தார். 1963இல் தொடங்கிய வழக்கப்படி, ஜூலை 4இல் அவ்வில்லத்தின் முன் வந்தேறிகள் குடியுரிமை உறுதிமொழி ஏற்கின்றனர்.

மனிதர் யாவரும் நிகர் என்றெழுதியவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களுள் ஒருவரான சாலி ஹெமிங்சுக்கு 2018இல் அங்கே ஓர் அறை காட்சியாக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் எஞ்சவில்லை. மகன் மேடிசன் விட்டுச் சென்ற சொற்களே அவருக்காகப் பேசுகின்றன.

பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு 2026. அவ்விழாவுக்கு வருவோர் அந்த அறைக்குள்ளும் நுழைந்தால்தான் விழா நிறைவுறும். பத்தாண்டு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்களும் தம் மலரில் விடுபட்ட பெயர்களைத் தேடுதல் தகும்.