சும்மா இருத்தல்



விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால் லயத்து வாசலிற் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பது நம் வழக்கம். "படிக்கிற பிள்ளை சும்மா இருக்குது" என்று போவோர் வருவோர் சொல்வர். அந்தச் "சும்மா"வைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

தோட்டத்தில் இது வசைச்சொல். காலையிற் பிரட்டுக்களத்துக்குப் போகாதவன் சும்மா இருப்பவன். நிறுவையிற் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால், பாதி நாள் சும்மா போயிற்று என்பர். அயல் வீட்டார் "சும்மாதான் வந்தேன்" என்று வந்து நிற்கும்போது மட்டும் அதிற் சிறிது அன்பு இருக்கிறது.

நம் சமயத்திலோ இதுவே மேலான உபதேசம். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதருக்கு முருகன் "சும்மா இரு" என்று உபதேசித்தான் என்பது மரபு. தாயுமானவர் மௌனகுருவிடம் பெற்றதும், கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964இற் சமாதியடைந்த யோகர் சுவாமிகள் அன்பர்களுக்குச் சொல்லிவந்ததும் அதுவே. மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு மௌன ஜெபம் பழக்கமானது. ஆனால் அந்த மௌனத்திலும் நாம் எதையோ கேட்டுக்கொண்டேயிருந்தோம், பெரும்பாலும் பரீட்சையிற் தேறுவதற்காக! சும்மா இருத்தலிற் கேட்பதும் ஓய்ந்துவிடுகிறது.

நூலில் விளங்காத இது, நம் ஊவா மாகாணத்துக் கதிர்காமத்திற் சிறிது விளங்கிற்று. அங்கே ஆகம முறைப்படி மந்திரம் ஓதும் பூசை இல்லை. அடியார் காண்பது திரைச்சீலையையே. கப்புறாளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு தட்டை ஏந்தி உள்ளே செல்கிறார். கை தொழில் செய்கிறது; வாய் ஓய்ந்திருக்கிறது. ஆகவே சும்மா இருத்தல் சோம்பல் அன்று.

அப்படியாயின், நாள் முழுதும் வாய் திறவாது கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரும் தவம் செய்கிறார்கள் என்று மேடையிற் சொல்லிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அவர்கள் மனம் நிறுவையையும் கடைக்கடனையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. சம்பளக் குறையைக் கேட்கும் பெண்ணை "சும்மா இரு" என்று அதட்டுகிறவர், முருகன் சொன்ன அதே சொல்லால் அவள் வாயை மாத்திரம் அடைக்கிறார்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலைத் தியானத்துக்கு ஆண்களே வருகிறோம். அந்நேரத்தில் தாய்மார் அடுப்படியில் நிற்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் இங்கே வந்து அரைமணி நேரம் சும்மா இருக்கட்டும். தண்ணீரும் விறகும் வாலிபர் பொறுப்பு. ரொட்டி சுட நமக்குத் தெரியும். கறிக்குத்தான் யாராவது முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும்.