72 மணித்தியாலம்: வெட்கத்தில் வீணாக்க வேண்டாம்

(லண்டனில் புதிதாக வந்த பெண்களுக்கான ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த விசயத்தை எங்கட ஆக்கள் வாய்விட்டுக் கதைப்பதில்லை. அதனால் பாதிக்கப்படுவது இளம் பெண்கள்தான்.

இங்கே வாடகை அதிகம். தஞ்சம் கோரியவர்களில் பெரும்பாலானோருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. தெரியாத ஆட்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டி வருகிறது. வாடகைக்குப் பதிலாக உடலைக் கேட்கிற ஆட்களும் இருக்கினம். அது குற்றம். கணவன் மனைவியைப் பலாத்காரம் செய்தாலும் குற்றம் என்று 1991 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. "உனக்கு விசா இல்லை, பொலிசுக்குப் போகேலாது" என்று ஆராவது வெருட்டினால் நம்ப வேண்டாம்.

பலாத்காரத்தில் காயம் ஏற்பட்டால் எச்.ஐ.வி. கிருமி தொற்றும் ஆபத்து கூடும். தொற்றாமல் தடுக்க 'பெப்' என்ற மருந்து உண்டு. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் என்றால் மிக நல்லது. 28 நாட்கள் குடிக்க வேண்டும். தேவையா இல்லையா என்று டொக்டர் கேட்டுத் தீர்மானிப்பார். பாலியல் சுகாதார கிளினிக்குக்குப் போங்கோ. இரவு என்றால் வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ. கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் அங்கே மருந்து கேட்கலாம்.

72 மணித்தியாலம் கடந்துவிட்டதா? அப்பவும் போங்கோ, இரத்தப் பரிசோதனை செய்யலாம். 2012 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை விசா நிலை பாராமல் எல்லோருக்கும் இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்துக் கிருமியைக் கட்டுப்படுத்தினால் நெடுங்காலம் வாழலாம். உடலுறவால் துணைக்கும் தொற்றாது. இந்த நோய் இருப்பதற்காகத் தஞ்சக் கோரிக்கையை நிராகரிப்பதில்லை.

"ஊர்ச்சனத்துக்குத் தெரிய வந்தால்?" என்று பயப்படுகிறீர்கள். கிளினிக் இரகசியம் காக்கும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து என்றால் பாதுகாப்புக்காக அறிவிக்கக்கூடும். உரைபெயர்ப்பாளர் இலவசம், பெண் வேண்டும், தொலைபேசியில் வேண்டும் என்று கேளுங்கோ. உறவினரைக் கூட்டிப் போக வேண்டாம்.

பொலிசுக்குச் சொல்வதா என்பது உங்கள் முடிவு. சொல்லாவிட்டாலும் பாலியல் தாக்குதல் உதவி நிலையத்தில் சிகிச்சை தருவார்கள். தடயங்களையும் எடுத்து வைப்பார்கள். போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் ஒரு பையில் வையுங்கோ. உடனடி ஆபத்து என்றால் 999.

நடந்தது உங்கட பிழை இல்லை. தனியப் போகப் பயமென்றால் எங்களிடம் வாங்கோ. கிளினிக்குக்குக் கூட வருவோம்.