அட்டைப் பெட்டிக்குள் மீன்தொட்டி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேடைக்கு வருவது டொக்டர் என்பதால் சீனி வருத்தம், பிரஷர் பற்றிய பேச்சை எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்திருப்பது பிஸ்கட் பெட்டியில் செய்யும் மீன்தொட்டியைப் பற்றி.

பெரகல சந்தி எல்லோருக்கும் தெரிந்த இடம். அதைக் கடந்து போகும் ஏ4 வீதியின் ஒரு முனை கொழும்பு, மறுமுனை மட்டக்களப்பு. இரண்டு பக்கமும் கடல். நடுவே மலையில் வளரும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கடலைக் கண்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்த மீன் நெத்தலிக் கருவாடும் டின் மீனும்தான். எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து அங்கே ஒரு பிள்ளைக் காம்பராவில் முதன்முதலாக மீன்தொட்டி செய்தபோது, ஒரு சிறுமி தலையில்லாத மீனை வெட்டச் சொன்னாள். ஏன் என்றோம். "டின் மீனுக்குத் தலை இருக்காதே, மிஸ்!" அன்று காலை முழுக்க வாய் திறக்காத பிள்ளை அது.

செய்முறை எளிது. பெட்டியின் அகலமான ஒரு பக்கத்தை, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, பெரியவர்கள் வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே நீலத் தாளோ பழைய நீலச் சேலைத் துண்டோ ஒட்டலாம். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சினால் போதும். பிள்ளை விரலை வாயில் வைத்தாலும் பயமில்லை. தேயிலைப் பக்கற்றின் உட்புற மினுக்கத்தில் மீன் வெட்டுங்கள். தேநீர் வடித்த சக்கையைக் காயவைத்துப் பரப்பினால் கடலின் அடித்தரை. பச்சைக் கம்பளி நூல் பாசியாகும். மேலே துளையிட்டு மீன்களை நூலில் தொங்கவிட்டால், பிள்ளை வாயால் ஊதும்போது அவை நீந்தும். முன்பக்கத்துக்குக் கண்ணாடித்தாள் வேண்டாம். கை உள்ளே போய்வர வேண்டும், அதுதான் விளையாட்டு.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடம் பொத்தான், மணி, சிப்பி, ஸ்டேப்ளர் கம்பி எதையும் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் பதுளைக்குக் கொண்டுபோக நேரம் இராது.

இனி டொக்டராகச் சில வார்த்தைகள். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 32 பேர். இதற்குச் சத்துணவு வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். அதில் பேச்சே இல்லை. ஆனால் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் உயரம் குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர்கள் இரண்டு வருடம் வாரம் ஒருமுறை போனார்கள். கொண்டுபோனவை பெரும்பாலும் வீட்டுச் சாமான்களில் செய்த விளையாட்டுப் பொருட்கள். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் விளையாட்டு கிடைக்காதவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2014இல் வெளியான முடிவு இது.

கவனியுங்கள், அங்கே வேலை செய்தது பொருள் மட்டுமல்ல, பக்கத்தில் இருந்து பேசிய ஆள். அதனால் கடையில் மீன்தொட்டிப் பொம்மை வாங்கி அனுப்புவதாக அன்போடு சொன்ன வெளிநாட்டு அக்காமாரிடம் வேண்டாம் என்றோம். கொழுந்துக்குப் போன அம்மா மாலையில் களைத்து வருவாள். "இந்த மீனுக்கு என்ன பேர்? எங்கே போகுது?" என்று கேட்க அவளுக்கு ஐந்து நிமிடமும் ஒரு பெட்டியும் போதும். அதற்காகவே பெட்டியைக் காம்பராவில் வைக்காமல் லயத்துக்குக் கொடுத்தனுப்புகிறோம்.

மார்கழி மழையிலும் மூடுபனியிலும் அட்டை ஊறி, ஒரு மாதத்தில் குலைந்துவிடும். பரவாயில்லை, புதிதாக ஒன்று செய்வோம். ஊருக்கு வரும்போது வெறும் பெட்டிகளையும் மினுங்கும் தாள்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். அரைநாள் தங்கி எங்களோடு வெட்டி ஒட்டுவதானால் இன்னும் சந்தோஷம்.